தோற்ற அணிக்குரிய மஞ்சள் தாள்

நீண்ட பதிவு இது. கல்லூரிகளில் கற்பிப்போரும், குறிப்பாகக் கல்லூரி வரலாற்று மலர்க்குழுவில் பெயர் சேர்க்கப்பட்டு அவதியுறுவோரும், இறுதிவரை வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

என் முனைவர் பட்ட ஆய்வு மட்டாஞ்சேரியில் வழங்கும் ஆட்பெயர்களைப் பற்றியது. தமிழ், மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது எனப் பல மொழியினர் நெருக்கியடித்து வாழும் இடம் இது. இங்குள்ள ஒரு பள்ளியின் வருகைப் பதிவேட்டைத் திறந்தால் பெயரமைப்பின் ஐந்தாறு இலக்கணங்கள் ஒரே பக்கத்தில் கிடைக்கும். அப்பதிவேடுகளைத் தேடி அலைந்த வழியில்தான் கூடைப்பந்து எனக்கு எதிர்ப்பட்டது. நான் அவ்விளையாட்டை ஆடியதில்லை. பள்ளி நாள்களில் மைதானத்தின் ஓரத்தில் பிறருடைய செருப்புகளுக்குக் காவலிருந்தவள்.

நான் குடியிருக்கும் தெருவில் அக்கா ஒருவர் தையற்கடை வைத்திருக்கிறார். அவருடைய பாட்டனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பஜார் ரோட்டு மிளகுக் கிடங்கொன்றில் மூட்டை தூக்க வந்தவர். கடையின் சுவரில், நூற்கண்டுகளுக்குப் பின்னால், வெளிறிய குழுப்படம் ஒன்று தொங்குகிறது. பன்னிரண்டு பெண்கள். ஜெர்சிகளில் 4 முதல் 15 வரை எண்கள். 15ஆம் எண் அக்கா.

எண்கள் ஏன் நான்கில் தொடங்குகின்றன என்று இன்றைய மாணவர்கள் வியக்கக்கூடும். உலகக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் பழைய விதி அப்படி. ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவற்றை நடுவர் விரல்களால் காட்டினால் அது புள்ளியையோ தண்டனை எறிதலையோ குறிக்கும். ஆட்டக்காரரின் எண்ணோடு குழம்பிவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். 2014இல் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. எனவே 4 முதல் 15 வரை வரிசையாக நிற்கும் படம் எங்கேனும் கிடைத்தால், அது பெரும்பாலும் பழைய விதிக்காலத்துப் படம் என்றும், அணியில் அனுமதிக்கப்பட்ட பன்னிரண்டு பேரும் அதில் உள்ளனர் என்றும் கொள்ளலாம். படத்தையும் பெயர்ப்பட்டியலையும் இணைக்கும் திறவுகோல் அந்த எண்தான். பட்டியல் தொலைந்துவிட்டால் படத்தில் இருப்பவை பன்னிரண்டு எண்கள் மட்டுமே.

அக்கா இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு மகளிர் கல்லூரிக்கு ஆடினார். ஓராண்டு பல்கலைக்கழக அணியிலும் இடம்பெற்றார். தென்மண்டலப் போட்டிக்குப் போய்வந்தார். பின்னர் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தபோது சான்றிதழ் கேட்டார்கள். அவரிடம் இருந்த தாள் ஒரு மழைக்காலத்தில் நனைந்து கூழாகியிருந்தது. மறுபடி வாங்கச் சென்றார். அலுவலகத்துப் பட்டியலில் அவருடைய பெயர் இருந்தது. தலைப்பெழுத்து வேறாக இருந்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஓரெழுத்து, பட்டியலில் ஈரெழுத்து. இவர் அவர்தாம் என்று உறுதிசெய்ய இயலாது என்று அனுப்பிவிட்டார்கள். எந்த அலுவலகம், எந்தப் பல்கலைக்கழகம் என்பதெல்லாம் இங்கு வேண்டியதில்லை. எங்கும் நடக்கக்கூடியதுதான் நடந்தது.

"பேரு இருக்கு, ஊரு இருக்கு, வருசம் இருக்கு. அது நான்தான்னு சொல்ல ஆளில்லம்மா" என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை, ஒரு ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டே சொன்னார்.

அந்த இரண்டாம் எழுத்து எங்கிருந்து வந்தது? மொழியியல் படித்தவளுக்கு இதைவிடச் சுவையான கேள்வி வேறில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். அணியில் மற்ற பெண்கள் மலையாளிகள். கேரள வழக்கில் பெயருக்குப் பெரும்பாலும் இரண்டு எழுத்துகள்: ஒன்று வீட்டுப்பெயருக்கு, மற்றொன்று தந்தை பெயருக்கு. அவை பள்ளிச் சான்றிதழ்களில் பெயருக்குப் பின்னால் நிற்பதும் உண்டு. தமிழ் வழக்கில் தந்தை பெயரின் எழுத்து ஒன்று முன்னால் நிற்கும்; பழைய தலைமுறையில் ஊரின் எழுத்தும் அதற்கு முன் வரும். பட்டியல் எழுதியவருக்குப் பதினொரு பெயர்களில் ஈரெழுத்தும் ஒரு பெயரில் ஓரெழுத்தும் கண்ணை உறுத்தியிருக்க வேண்டும். "நாடு எவிடே?" என்று கேட்டார், "திருநெல்வேலி" என்று அக்கா சொன்னார், ஒரு 'டி' சேர்ந்துகொண்டது. கெட்ட எண்ணம் ஏதுமில்லை. ஒழுங்கின் மீதான விருப்பம் மட்டுமே. சமன்படுத்தல் என்று ஒலியியலில் நாம் அழைப்பது போன்ற ஒன்று பெயர்ப்பட்டியலிலும் நிகழ்கிறது. ஒலியில் நிகழ்ந்தால் எவருக்கும் வேலை போவதில்லை.

பெரிய ஆட்டக்காரர்களின் பெயர்களும் இப்படி உருமாறியவைதாம். வயநாட்டிலிருந்து வந்து 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கிய பி.எஸ். ஜீனா, பன்னாட்டுப் பட்டியல்களில் ஜீனா ஸ்கரியா ஆகிறார். இங்கு ஓரெழுத்தாக ஒடுங்கியிருந்த தந்தை பெயர், எல்லை கடந்ததும் முழு உருவெடுத்துக் குடும்பப்பெயராக அமர்கிறது, வீட்டுப்பெயர் ஒதுங்கிவிடுகிறது. சென்னையின் அனிதா பால்துரை 2000 முதல் 2017 வரை இந்தியாவுக்கு ஆடியவர், 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவருடைய தந்தை பெயரும் ஆங்கிலப் பட்டியல்களில் சில இடங்களில் ஒரு சொல்லாகவும் சில இடங்களில் இரு சொற்களாகவும் எழுதப்படுகிறது. இவர்களுக்கு இதனால் தீங்கில்லை. எப்படி எழுதினாலும் அடையாளம் காண ஆயிரம் பேர் உள்ளனர். பன்னிரண்டாம் பெயருக்குத்தான் எழுத்தே எல்லாம். திருமணத்துக்குப் பின் தந்தை பெயரின் இடத்தில் கணவர் பெயர் ஏறும் பெண்களுக்கு இச்சிக்கல் இரட்டிப்பாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சான்றிதழ் என்றால் என்ன என்பதையும் சற்றுப் பார்க்க வேண்டும். விளையாட்டு வீரர்களை அரசுப் பணியில் சேர்ப்பது குறித்து ஒன்றிய அரசு 1980 ஆகஸ்ட் 4 அன்று ஒரு குறிப்பாணை வெளியிட்டது. பின்வந்த நடைமுறைகளுக்கு அதுவே அடித்தளம். நாட்டுக்கோ மாநிலத்துக்கோ ஆடியவர்களோடு, பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளில் தம் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர்களையும் அது தகுதியுள்ளோராக ஏற்கிறது. அவர்களுக்கு உரியது மூன்றாம் படிவம். பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பொறுப்பாளர் கையொப்பமிட வேண்டிய அப்படிவத்தில், அலுவலகத்தில் உள்ள பதிவேடுகளின் அடிப்படையிலேயே இச்சான்று வழங்கப்படுகிறது என்று ஒரு வரி உண்டு. அந்த வரியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அலுவலகத்தில் பதிவேடு இருக்கும் என்பது அப்படிவத்தின் முன்கருத்து. அந்த முன்கருத்து எங்கெல்லாம் பொய்க்கிறதோ அங்கெல்லாம் ஒரு பெண் படியிறங்கி வெறுங்கையோடு போகிறாள்.

இனி என் வாதத்துக்கு வருகிறேன். நம் கல்லூரிகள் தம் அணிகளின் வரலாற்றைக் கோப்பைகளின் வரலாறாக எழுதுகின்றன. முதல்வர் அறைக்கு வெளியே உள்ள மரப்பலகையை நினைவுகூருங்கள்: ஆண்டு, போட்டியின் பெயர், 'வின்னர்ஸ்'. சில பலகைகளில் அணித்தலைவியின் பெயர். 'ரன்னர்ஸ்' என்று எழுதும் தாராள மனம் சிலருக்கு உண்டு. காலிறுதியில் தோற்ற ஆண்டுகள் பலகையில் இல்லை. அந்த ஆண்டுகளில் அக்கல்லூரியில் கூடைப்பந்தே ஆடப்படவில்லை என்று தோன்றும்.

இதை நான் வெறும் உணர்ச்சியால் குறை கூறவில்லை. கூடைப்பந்தில் ஒரு நேரத்தில் களத்தில் நிற்போர் ஐவர். சமமான ஆட்டத்தில் ஏழெட்டுப் பேரைக் கொண்டே பயிற்சியாளர் ஒப்பேற்றுவார். பத்தாம், பதினொன்றாம், பன்னிரண்டாம் ஆட்டக்காரிகள் எப்போது களமிறங்குகிறார்கள்? ஆட்டம் கைவிட்டுப் போன பின்னர். அல்லது எதிரணி மிக எளியதாக இருந்து வெற்றி உறுதியான பின்னர். அதாவது அவர்கள் ஆடிய நிமிடங்கள் பெருந்தோல்விகளிலும், எவரும் பொருட்படுத்தாத முதற்சுற்று வெற்றிகளிலும் குவிந்து கிடக்கின்றன. தோல்விகளைப் பதிவிலிருந்து நீக்கும்போது அணியின் பாதிப்பேரை நாம் நீக்கிவிடுகிறோம். இறுதியாட்டத்தை மட்டும் வைத்து எழுதப்பட்ட வரலாற்றில் பன்னிரண்டாம் பெண் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள், அவ்வளவே.

அக்கா களத்தில் நின்ற நிமிடங்களை எண்ணிச் சொல்கிறார். தென்மண்டலப் போட்டியில் ஓராட்டம். முப்பது புள்ளிக்கு மேல் பின்தங்கியிருந்தபோது கடைசி மூன்று நிமிடம். ஒரு கூடை போட்டார். "கைதட்டினது எங்க பெஞ்சு மட்டுந்தான். ஆனா நல்லாத் தட்டினாங்க."

அந்தக் கூடை எங்கேனும் எழுதப்பட்டதா? எழுதப்பட்டது. இங்குதான் தலைப்பில் சொன்ன மஞ்சள் தாள் வருகிறது. முறையாக நடத்தப்படும் எந்தக் கூடைப்பந்து ஆட்டத்திலும் மேசையில் அமர்ந்து ஒருவர் ஸ்கோர் ஷீட் எழுதுகிறார். சம்மேளனத்தின் விதிநூல் அதன் ஒவ்வொரு கட்டத்தையும் வரையறுத்துள்ளது. இரு அணிகளின் பன்னிரண்டு பெயர்கள், எண்கள், அணித்தலைவர் யார் என்ற குறி. களமிறங்கியவரின் பெயருக்கு நேரே ஒரு பெருக்கல் குறி. தொடக்க ஐவராயின் அக்குறியைச் சுற்றி ஒரு வட்டம். ஒவ்வொருவருக்கும் ஐந்து ஃபவுல் கட்டங்கள். வலப்பக்கத்தில் புள்ளிகள் ஒவ்வொன்றாக ஏறும் வரிசை. அதனருகே அப்புள்ளியை எடுத்தவரின் எண். பெஞ்சில் இருந்தவருக்கும் மூன்று நிமிடம் ஆடியவருக்கும் உள்ள வேறுபாடு ஒரு சிறு பெருக்கல் குறியாக அதில் நிலைபெற்றிருக்கிறது. ஒரு வினைச்சொல்கூட இல்லாத பனுவல். ஆயினும் அதைப் படித்து ஆட்டத்தை மீண்டும் கட்டியெழுப்பலாம்.

அத்தாளுக்கு மூன்று நகல்கள் உண்டு. வெள்ளை மூலப்படி சம்மேளனத்துக்கு; நீலம் போட்டியை நடத்துவோருக்கு; இளஞ்சிவப்பு வென்ற அணிக்கு; மஞ்சள் தோற்ற அணிக்கு. தோற்றவருக்கும் ஒரு படி உரியது என்று விதி வகுத்தவர்கள் கருதியுள்ளனர். நம் கல்லூரிப் போட்டிகளில் வண்ணத்தாள் வாய்க்காமல் கார்பன் நகல் எடுத்திருக்கலாம். பின்னாளில் ஜெராக்ஸ் எடுத்திருக்கலாம். நான் இதுவரை மூன்று கல்லூரிகளின் உடற்கல்வித் துறைகளில் கேட்டுப் பார்த்தேன். கோப்பைகளுக்குக் கண்ணாடி அலமாரி இருக்கிறது. தாள்கள் எங்கே என்றால், வெள்ளையடிக்கும்போது எடுத்துப் போட்டோம் என்கிறார்கள். ஒரு முதிய உடற்கல்வி ஆசிரியர் மட்டும் தம் வீட்டுப் பரணில் ஒரு கட்டு வைத்திருந்தார். துறையில் வைத்தால் போய்விடும் என்பது அவர் காரணம்.

புகழ்பெற்ற ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்வோம். சங்கனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரி என்றவுடன் கூடைப்பந்து ஆர்வலர் சொல்லும் முதற்பெயர் கீது அன்னா ஜோஸ். கோட்டயம் பக்கத்துப் பெண். முதலில் கைப்பந்து ஆடியவர். கூடைப்பந்துக்கு மாறி, ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் கழகத்துக்கு ஆடி, 2011இல் அமெரிக்க மகளிர் தொழில்முறைக் கூட்டணியின் மூன்று அணிகளுடைய தேர்வுப் பயிற்சிக்கு அழைக்கப்பட்டு, 2014இல் அர்ஜுனா விருது பெற்றவர். அந்தப் புகழில் ஒரு துளியையும் நான் குறைக்கவில்லை. ஆனால் கூடைக்கடியில் நிற்கும் நெடிய ஆட்டக்காரிக்குப் பந்து எங்கிருந்தோ வந்தாக வேண்டும். நாள்தோறும் மாலையில் அவரைத் தடுத்தாடிப் பயிற்சி கொடுத்த உயரம் குறைந்த பெண்கள் இருந்திருக்க வேண்டும். 2018 ஜனவரியில் சென்னையில் நடந்த தேசியப் போட்டியில் கேரள மகளிர் அணி ரயில்வேயை வென்று பட்டம் பெற்றபோது நாம் ஜீனாவைக் கொண்டாடினோம். அவ்வணிக்கு ஆட்டக்காரிகளைத் திரட்டித் தந்த கல்லூரி அணிகளின் பட்டியல்களை எவரும் தேடவில்லை. தேடினாலும் முழுமையாகக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

பட்டியலைக் காப்பது இயலாத காரியம் அன்று. 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் தம் வகுப்பு மாணவர்களைப் பக்கத்துக்கு ஒன்பது பேராகப் பிரித்து முதல் ஆட்டத்தை ஆடவைத்தார். வகுப்பில் பதினெட்டுப் பேர் இருந்ததால்தான் ஒன்பது. ஆட்டம் ஒன்றுக்குப் பூஜ்யம் என முடிந்தது. அப்பதினெட்டுப் பேரின் பெயர்களும் இன்று நமக்குத் தெரியும். அவர்களுள் ஒருவர் கென்சாபுரோ இஷிகாவா என்ற ஜப்பானிய மாணவர். அவ்வாட்டத்தைக் கோட்டோவியமாக வரைந்தவரும் அவரே. மகளிருக்கு ஏற்ப விதிகளை மாற்றி ஸ்மித் கல்லூரியில் பெண்களை ஆடவைத்த செண்டா பெரன்சனின் ஆவணங்கள் அக்கல்லூரியின் காப்பகத்தில் உள்ளன. லித்துவேனியாவில் பிறந்தபோது அவருடைய குடும்பப்பெயர் வேறு. அமெரிக்கா சென்றபின் பெரன்சன் ஆனது. பெயர் மாறியும் ஆள் தொலையவில்லை. இரு பெயரையும் இணைக்கும் தாள் ஒன்று இருந்தது.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி க்ரோ பக் சென்னைக்கு வந்து 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இந்தியாவில் கூடைப்பந்து வேரூன்றியதில் ஒய்.எம்.சி.ஏ.வின் பங்கு பெரிது. அதாவது இவ்விளையாட்டு நமக்குக் கல்விக்கூடத்தின் வழியே வந்த விளையாட்டு. கல்லூரிப் பட்டியலை விட்டுவிட்டு இந்தியக் கூடைப்பந்தின் வரலாற்றை எழுத முனைவது சேர்க்கைப் பதிவேட்டை எரித்துவிட்டுப் பள்ளியின் வரலாற்றை எழுத முனைவதற்கு ஒப்பாகும். பெயரைப் பொறித்து வைக்கும் பழக்கம் நமக்கு அன்னியமும் அன்று. செங்கம் பகுதி நடுகற்களைப் பாருங்கள். ஏதோவொரு சிற்றூரில் மாட்டைக் காக்க நடந்த சண்டையில் இறந்தவனுக்கு அரசனின் ஆட்சியாண்டு, தலைவன் பெயர், அவன் பெயர் எல்லாம் கல்லில் உள்ளன. அச்சண்டையில் வென்றது எந்தப் பக்கம் என்பது பல வேளை நமக்குத் தெரிவதில்லை.

இதைக் கூறும்போது ஆய்வு நண்பர்கள் எழுப்பும் மறுப்புகளுள் ஒன்று, இப்போது எல்லாம் கணினியில் இருக்கிறதே என்பது. எங்கே இருக்கிறது? பட்டியல் வாட்ஸாப்பில் பி.டி.எஃப். ஆக வருகிறது, பயிற்சியாளர் கைப்பேசி மாற்றும்போது போய்விடுகிறது. கார்பன் நகலாவது கரையானுக்குத் தப்பினால் இருபது ஆண்டு கிடக்கும்.

மற்றொரு மறுப்பு கனமானது. பெண்களின் பெயர், தந்தை பெயர், பிறந்த நாள், படம் ஆகியவற்றை எல்லோருக்கும் திறந்து வைப்பது பாதுகாப்பானதா? இல்லை என்பதே என் விடை. நான் கேட்பது காப்பகத்தை. விளம்பரப் பலகையை அன்று. மதிப்பெண் பதிவேட்டைப் பல்கலைக்கழகம் எப்படிக் காக்கிறதோ அப்படி: உரியவர் கேட்டால் கொடுக்கவும், ஆய்வாளர் கேட்டால் விதிகளுக்குட்பட்டுக் காட்டவும். தேர்வில் தோற்ற மாணவியின் மதிப்பெண்ணைக்கூட நாம் பல்லாண்டு பாதுகாக்கிறோம். அரையிறுதியில் தோற்ற மாணவியின் பெயரை ஏன் பாதுகாப்பதில்லை என்று கேட்டால், அது பாடத்திட்டத்தில் இல்லை என்கிறார்கள். ஒதுக்கீட்டில் சேர்க்கும்போது மட்டும் பாடத்திட்டம் நினைவுக்கு வருவதில்லை.

'விளையாட்டுத்தானே' என்ற மூன்றாம் மறுப்புக்கு விடை கூற எனக்குப் பொறுமையில்லை.

ஆகவே கல்லூரிகளில் பொறுப்பில் உள்ளோரிடம் நான் வேண்டுவது இவ்வளவே. அணிப்பட்டியல் எழுதும்போது தலைப்பெழுத்துகளை விரித்து எழுதுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே பெயரைப் பதியுங்கள். அழகுக்காக ஓரெழுத்தையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டா. ஜெர்சி எண்ணைப் பெயரோடு சேர்த்து எழுதுங்கள். குழுப்படத்தின் பின்புறம் அதே வரிசையைப் பென்சிலால் குறியுங்கள். ஒவ்வோர் ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டையும், தோற்ற ஆட்டத்தினதையும், நூலகத்துக்கு ஒரு படி அனுப்புங்கள். நூலகர் எங்கே வைப்பது என்று கேட்பார். ஆண்டு மலர்களுக்குப் பக்கத்தில் இடம் இருக்கும்.

மொழியியல், வரலாறு, சமூகவியல் மாணவர்கள் எவரேனும் கேரளத்திலோ தமிழ்நாட்டிலோ ஒரு கல்லூரியின் பழைய பட்டியல்களைத் திரட்ட முன்வந்தால் நான் அமைத்துள்ள அட்டவணையைப் பகிர்ந்துகொள்கிறேன். பட்டியலில் உள்ளபடி பெயர், சான்றிதழில் உள்ளபடி பெயர், உடன் ஆடியவர்கள் அழைத்த பெயர், எண், ஆண்டு, போட்டி, களமிறங்கினாரா என்று ஏழு பத்திகள். மூன்றாம் பத்திதான் நிரப்ப எளிது; முதலிரண்டும் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கின்றன.

அக்காவின் படத்திலிருந்து இதுவரை ஒன்பது பேரை அடையாளம் கண்டோம். 8ஆம் எண்ணும் 13ஆம் எண்ணும் யாரென்று அவருக்குத் தெரியும், முழுப்பெயர் நினைவில்லை. 11ஆம் எண் பெண்ணை அணியில் எல்லோரும் 'குஞ்ஞு' என்றே அழைத்தார்களாம். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போகும்போது நாக்கை வெளியே நீட்டுவாளாம். ஆலப்புழைப் பக்கத்திலிருந்து காலையில் முதல் பேருந்தில் வருவாளாம். அதற்குமேல் எதுவும் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் அந்த ஆசிரியரின் பரணைப் பார்க்கப் போகிறோம். அக்கா கடைக்கு விடுமுறை விடுவதாகச் சொல்லியிருக்கிறார்.